கஞ்சி போட்ட ஓவியம்: யொரூபாக்களின் அடிரே, ஓர் எளிய அறிமுகம்

தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி நீலமாக இருக்காது. பாசி படிந்த குளத்து நீரைப் போல மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். சாயக்காரப் பெண் அதை இரு கைகளாலும் தூக்கி விரித்துப் பிடிக்கிறார். காற்று பட்டதும் பச்சை கலங்கத் தொடங்குகிறது. முதலில் ஓரங்கள் நீலமாகின்றன, பிறகு நடுப்பகுதி, கடைசியில் மடிப்புகளுக்குள் ஒளிந்திருந்த இடங்கள். சில நிமிடங்களில் பச்சை போன இடம் தெரியாது. நிறம் தொட்டிக்குள் உருவாகவில்லை, வெளியே வந்த பிறகு காற்றில் உருவானது.

தென்மேற்கு நைஜீரியாவில் யொரூபா மக்களின் சாயக்காரப் பெண்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை இது. இப்படித் தோய்த்த துணிக்கு அடிரே என்று பெயர். யொரூபா மொழியில் ‘டி’ என்றால் கட்டு, ‘ரே’ என்றால் தோய். கட்டித் தோய்த்தது அடிரே. அவ்வளவு நேரடியான பெயர்.

துணி யொரூபாக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அவர்களுடைய பழமொழி ஒன்றே போதும்: மனிதரை வணங்கும் முன் அவர் உடுத்தியிருக்கும் துணியைத்தான் வணங்குகிறோம். ஆள் பாதி ஆடை பாதி என்று நாம் சரிபாதியாகப் பங்கு போட்டோம். அவர்கள் ஆடைக்கு முதல் மரியாதையே கொடுத்துவிட்டார்கள்.

‘பாரம்பரியத்திலிருந்தும் பழங்காலக் கைவினைப் பொருள்களிலிருந்தும் படைக்கும் கலைஞர்’ என்ற வருணனை ஓவியக் கண்காட்சிக் குறிப்புகளில் அடிக்கடி வரும். படிக்க நன்றாக இருக்கும், ஒன்றும் விளங்காது. எந்தப் பாரம்பரியம், எந்தப் பொருள், அதை வைத்துக் கலைஞர் உண்மையில் என்னதான் செய்கிறார்? அடிரேயையும், அதைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்ட நிக்கே டேவிஸ்-ஒகுண்டாயே என்ற கலைஞரையும் வைத்து இதற்குப் பதில் தேடலாம். அந்தப் பெயருக்கும் காலணி நிறுவனத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யொரூபாப் பெயர்களில் வரும் ‘கே’ என்பதற்குச் செல்லமாகப் பேணுதல் என்று பொருள்.

அடிப்படைக் கருத்து: வரைவது அல்ல, மறைப்பது

ஒரு வெள்ளைத் தாளில் மெழுகுவர்த்தியால் உங்கள் பெயரை எழுதுங்கள். ஒன்றும் தெரியாது. அதன்மேல் நீர்த்த மையைத் தூரிகையால் இழுத்தால், மெழுகு பட்ட இடத்தில் மை ஒட்டாமல் வழுக்க, பெயர் வெள்ளையாக வெளிப்படும். தடுப்புச் சாயம் என்று சொல்லப்படும் கலை முழுவதும் இந்த ஒரு தந்திரத்தின்மேல் நிற்கிறது. நிறம் வேண்டிய இடத்தில் சாயத்தைப் பூசுவது சாதாரண ஓவியம். இங்கே நிறம் வேண்டாத இடத்தை முதலில் மூடிவிட்டுத் துணி முழுவதையும் சாயத்தில் முக்குகிறார்கள். மதுரைச் சுங்குடிப் புடவையின் வெள்ளைப் புள்ளிகளும் இப்படித்தான் பிறக்கின்றன. நூலால் இறுக்கிக் கட்டிய முடிச்சுக்குள் சாயம் நுழைவதில்லை.

எதைக் கொண்டு மறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அடிரேயில் வகைகள் பிரிகின்றன. ராஃபியா பனையின் நாரால் கட்டுவது ‘ஓனிக்கோ’. இக்கோ என்றால் அந்த நார். கூழாங்கற்களையோ விதைகளையோ துணிக்குள் வைத்து நாரால் சுற்றிக் கட்டினால், அவிழ்க்கும்போது வளையம் வளையமாக நிலவுகள் கிடைக்கும். ஊசி நூலால் துணியை நெருக்கித் தைத்துச் சுருக்குவது ‘அலாபேரே’. அபேரே என்றால் ஊசி. இந்த இரண்டையும் இதற்குமேல் விவரிக்கப் போவதில்லை, ஏனென்றால் மூன்றாவதுதான் கதையின் நாயகி.

அது ‘எலெக்கோ’. எக்கோ என்றால் மாவைக் காய்ச்சிய கூழ். கஞ்சியால் ஓவியம் வரைந்து, பிறகு நீலத்தில் தோய்ப்பது எலெக்கோ.

கஞ்சியும் கோழி இறகும்

மரவள்ளிக் கிழங்கைப் புளிக்கவைத்து, உலர்த்தி, இடித்த மாவுக்கு லாஃபுன் என்று பெயர். யொரூபா வீடுகளில் களி கிண்டிச் சாப்பிடும் அதே மாவுதான். அதைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, கொஞ்சம் படிகாரமும் மயில்துத்தமும் சேர்க்கிறார்கள். துணியில் பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் கெட்டி, இறகின் முனையிலிருந்து இறங்கும் அளவுக்கு இளக்கம்: அதுதான் பதம். கெட்டியானால் காய்ந்ததும் வெடித்து உதிரும், அந்த விரிசல்களில் சாயம் புகுந்துவிடும். தண்ணீராக இருந்தால் கோடு பரவி, பறவை வரைந்த இடத்தில் தவளை இருக்கும்.

தூரிகை என்று தனியாக எதுவும் கிடையாது. கோழி இறகின் முனை மெல்லிய கோட்டுக்கு. பனையோலை ஈர்க்கு அதைவிடத் தடித்த கோட்டுக்கு. பல் வெட்டிய சுரைக்குடுக்கைச் சில்லு, சீப்பு மாதிரி ஒரே இழுப்பில் நான்கைந்து இணைகோடுகள் போட. துணியை மேசையில் விரித்து, மடித்து மடித்துச் சதுரங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஓர் உருவம் வரைகிறார்கள். மாதிரிப் படம் பார்த்து வரைவது வழக்கமில்லை, கையே நினைவு வைத்திருக்கும். இப்படி வரைந்த இரண்டு நீளத் துண்டுகளைக் கரையோடு கரை சேர்த்துத் தைத்தால் இடுப்பில் சுற்றிக் கட்டும் ஒரு முழுத் துணி ஆகும்.

கஞ்சி துணியின் ஒரு பக்கத்தில் மட்டுமே பூசப்படுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மறுபக்கம் திறந்தே இருப்பதால் அந்த வழியாகச் சாயம் மெல்லக் கசிகிறது. அதனால் எலெக்கோவில் உருவங்கள் பளிச்சென்ற வெள்ளையாக இருப்பதில்லை. கரு நீலத்தின்மேல் வெளிர் நீலம், விடியற்காலை வானத்தின் கீழ்விளிம்பு போல. மெழுகு பூசிச் செய்யும் பாத்திக்கின் கூர்மையான வெள்ளையைவிட இந்த மங்கல்தான் எனக்கு அழகாகப் படுகிறது. ஆனால் இது அழகுக்காக யாரும் யோசித்துச் செய்ததல்ல, கஞ்சியின் பலவீனம் கொடுத்த வரம்.

இனி அந்தச் சதுரங்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். மீன், பறவை, இலை, முக்காலி, குடை, சீப்பு என்று கையெட்டும் தூரத்தில் உள்ளவைதான் பெரும்பாலும். மரவள்ளி இலை ஒரு பழைய உருவம். மரவள்ளிக் கஞ்சியாலேயே மரவள்ளி இலையை வரைகிறார்கள். உருவங்களின் தொகுப்புக்குத்தான் பெயர். ‘ஒலோகுன்’ என்ற தொகுப்புக்குக் கடலுக்கும் செல்வத்துக்கும் உரிய தெய்வத்தின் பெயர். ‘இபாடான்டுன்’ என்றால் ‘இபாடான் இனிய ஊர்’. அதில் 1929இல் திறக்கப்பட்ட மாபோ மண்டபத்தின் தூண்கள் வரிசையாக நிற்கும், தூண்களுக்கு நடுவே கரண்டிகள். ஆங்கிலேயர் காலத்து நகர மண்டபத்தின் கம்பீரமான தூண்களுக்குப் பக்கத்தில் சமையலறைக் கரண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அந்தப் பெயர் தெரியாத பெண்ணின் குறும்பை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1935இல் பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு வெள்ளி விழா நடந்தபோது மன்னரும் ராணியும்கூடத் துணியில் ஏறினார்கள். அதற்குப் பெயர் ‘ஒலோபா’, அரசர் உள்ளது என்று பொருள்.

இறகால் வரைவது பெண்களின் வேலை, அதில் இபாடானுக்குப் பெயர் அதிகம். இன்னொரு யொரூபா நகரமான அபேயொகுட்டாவில் ஆண்கள் தகட்டில் உருவங்களை வெட்டியெடுத்து, அந்தத் தகட்டைத் துணிமேல் வைத்துக் கஞ்சியைத் தேய்த்தார்கள். வேலை வேகமாக நடந்தது, ஒரே உருவம் பிசகாமல் மறுபடி மறுபடி வந்தது. தகடு எங்கிருந்து வந்தது? கப்பலில் வந்திறங்கிய தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்திலிருந்து.

தொட்டிக்குள் நடப்பது

நீலத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வேதியியல் ஒரே வரிதான்: அது தண்ணீரில் கரையாது. கரையாத ஒன்றை நூலுக்குள் எப்படி நுழைப்பது? இந்த நீலத்தை எடுத்த பல நாடுகளில் இந்தப் புதிரைத் தனித்தனியாக அவிழ்த்திருக்கிறார்கள்.

யொரூபாக்கள் பயன்படுத்தும் செடி எலு. காடுகளில் படர்ந்து ஏறும் கொடி. நம் அவுரி வேறு செடி, ஆனால் இரண்டும் அவரைக் குடும்பம்தான், இரண்டும் தரும் நீலமும் ஒன்றுதான். எலுவின் இளம் இலைகளை உரலில் போட்டு இடித்து, உருண்டை பிடித்து, வெயிலில் காயவைப்பார்கள். சந்தையில் கருமையான பந்துகளாக விற்கும்.

அடுத்தது சாம்பல். அடியில் துளையிட்ட ஒரு பானையில் விறகுச் சாம்பலை நிரப்பி, அதை இன்னொரு பானையின்மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். சாம்பலுக்குள் ஊறிச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும் நீர் நல்ல காரம். அந்தக் காரநீரில் எலு உருண்டைகளைப் போட்டு மூடிவைத்தால், சில நாட்களில் நொதிக்கத் தொடங்கும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் நீலத்தின் ஆக்சிஜன் பிடியைத் தளர்த்துகின்றன. நீலம் தன் நிறத்தை இழந்து, காரநீரில் கரையக்கூடிய மஞ்சள்பச்சைப் பொருளாக மாறுகிறது. இப்போது அது நூலுக்குள் நுழையும். துணியை வெளியே எடுத்ததும் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அதை மறுபடி நீலமாக்கும். கரையும் வடிவில் உள்ளே போனது கரையாத வடிவில் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. அதனால்தான் எத்தனை முறை துவைத்தாலும் நல்ல அடிரே எளிதில் வெளுப்பதில்லை.

ஒரு முறை தோய்த்தால் வெளிர் நீலம்தான் வரும். தோய்த்து, காற்றில் பிடித்து, மறுபடி தோய்த்து, காயவைத்து, மறுபடியும் தோய்க்க வேண்டும். கருமைக்குப் பக்கத்தில் போகும்வரை விடமாட்டார்கள். யொரூபா மொழியின் பழைய வண்ணப் பகுப்பில் மூன்றே பெயர்கள்: வெண்மைப் பக்கம் ஃபுன்ஃபுன், செம்மைப் பக்கம் புப்பா, கருமைப் பக்கம் டுடு. ஆழ்ந்த நீலம் டுடுவில் அடங்கிவிடும். ஒரே கடவுளைக் கார்வண்ணன் என்றும் நீலவண்ணன் என்றும் பாடிப் பழகிய நமக்கு இது ஒன்றும் விசித்திரம் அல்ல.

நொதிக்கும் தொட்டி, தயிர்ப் பானையைப் போல, உயிருள்ள பொருள். குளிர் தட்டினாலும் காரம் தவறினாலும் அடங்கிவிடும். தேர்ந்த சாயக்காரர் மணத்தையும் மேலே மிதக்கும் நுரையின் நிறத்தையும் வைத்தே அதன் நிலையைச் சொல்லிவிடுவார். பெயருக்கேற்ற பிழைப்புதான்: ஆரோ என்றால் நீலச் சாயம், அலாரோ என்றால் அதற்கு உரியவள். பெண்களின் தொழில்களைக் காக்கும் தெய்வமாக இயா மாபோவை வணங்குகிறார்கள். இயா என்றால் அம்மா. குயவுத் தொழிலும் சாயத் தொழிலும் அவள் பொறுப்பு. இத்தனை விதமாகத் தவறக்கூடிய ஒரு தொழிலுக்குத் தெய்வம் இல்லாமல் எப்படி?

கடைசியில் துணியைக் காயவைத்து, கஞ்சியை உதிர்த்து, அலசி எடுப்பார்கள். சில துணிகளை மடித்துக் கட்டையின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடிப்பதும் உண்டு. இஸ்திரிப் பெட்டி தராத ஒரு மினுமினுப்பு, செப்புச் சாயல் கலந்து, அதில் ஏறும்.

இதில் எது பழையது?

இவ்வளவையும் படித்தவர்கள் அடிரே ஆயிரம் ஆண்டுப் பழமையானது என்று நினைத்திருப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு பொருளாக எடுத்து ஊர் விசாரித்தால் வேறு கதை வருகிறது.

மரவள்ளி ஆப்பிரிக்கச் செடியே அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. எக்கோவைக் காய்ச்சும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். இறகின் முனை சிக்காமல் ஓட வேண்டுமானால் வழவழப்பான மெல்லிய துணி வேண்டும். உள்ளூர்க் கைத்தறியின் தடித்த நெசவில் அது முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆலைத் துணி மலிவாக வந்து குவிந்த பிறகுதான் எலெக்கோவுக்கு வழி பிறந்தது. தகடு தேயிலைப் பெட்டியிலிருந்து வந்ததைப் பார்த்தோம். அலாபேரேத் தையலுக்குப் பிற்காலத்தில் தையல் இயந்திரம் வந்தது. ஆக, ‘பழங்கால’ ஓவியத்தின் கஞ்சி, துணி, தகடு மூன்றும் கப்பலில் வந்தவை.

பிறகு என்னதான் பழையது? நீலம் பழையது. மேற்கு ஆப்பிரிக்காவில் அதன் வேர் ஆழமானது: மாலி நாட்டின் பாண்டியகாராப் பாறைக் குகைகளில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, நீலம் தோய்த்த பருத்தித் துணிகள் கிடைத்திருக்கின்றன. சாம்பலிலிருந்து காரம் எடுக்கும் அறிவு பழையது. கட்டி மறைக்கும் தந்திரம் பழையது. இவற்றைவிடப் பழையதாக எனக்குத் தோன்றுவது ஒரு குணம்: புதிதாகக் கையில் கிடைத்ததை எடுத்து, அதைத் தொட்டிக்குத் தகுந்தபடி வளைத்துக்கொள்ளும் குணம். மான்செஸ்டர் துணியையும் பிரேசில் கிழங்கையும் ஜார்ஜ் மன்னரையும் ஒரே நீலத்தில் முக்கி, ‘இது எங்களுடையது’ என்று சொல்ல வைத்தது அதுதான். பாரம்பரியம் என்றால் மாறாமல் காப்பது என்று பேசுகிறவர்களிடம் ஒரு எலெக்கோத் துணியை நீட்டலாம்.

நிக்கே: ஓஷோக்போவின் நீலம்

நிக்கே 1951இல் பிறந்தவர். சொந்த ஊர் இன்றைய கோகி மாநிலத்தில் உள்ள ஒகிடி. சிறுவயதிலேயே தாயை இழந்தார். நெசவும் சாயமும் தெரிந்த பாட்டிமார் வீட்டில் வளர்ந்ததால், கல்லூரிக்குப் போய்க் கற்கவேண்டியதை முற்றத்தில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டார். தந்தை ஏற்பாடு செய்த திருமணம் பிடிக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஓஷோக்போ.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓஷுன் என்ற நதித் தெய்வத்தின் புனிதக் காடு அங்கே இருக்கிறது. 2005 முதல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆஸ்திரியாவில் பிறந்து 1950இல் நைஜீரியாவுக்கு வந்த சூசன் வெங்கர் என்ற பெண், ஒரிஷா எனப்படும் யொரூபாத் தெய்வங்களின் வழிபாட்டில் தீட்சை பெற்று அங்கேயே தங்கிவிட்டார். உள்ளூர்க் கொத்தர்களோடும் தச்சர்களோடும் சேர்ந்து அந்தக் காட்டில் சிமெண்டிலும் மண்ணிலும் பிரம்மாண்டமான சிற்பங்களை எழுப்பினார். இயா மாபோவுக்கும் ஒன்று உண்டு. மரவள்ளிக் கஞ்சியால் தெய்வக் கதைகளைப் பெரிய துணிகளில் வரைந்தவர்களில் அவரும் ஒருவர். 1960களின் தொடக்கத்தில் அதே ஊரில் நடந்த ஓவியப் பயிலரங்குகளிலிருந்து ட்வின்ஸ் செவன்-செவன், ஜிமோ புராய்மோ, முராய்னா ஒயெலாமி போன்ற ஓவியர்கள் வந்தார்கள். பயிலரங்கில் வெளிச்சத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். துணியில் வரைந்த பெண்களைக் கலைஞர் என்று யாரும் அழைக்கவில்லை. அவர்கள் சந்தையில் துணி விற்கிறவர்கள், அவ்வளவுதான்.

நிக்கே ட்வின்ஸ் செவன்-செவனின் பல மனைவியரில் ஒருவரானார். அந்த மணவாழ்க்கை துன்பம் மிகுந்ததாக இருந்தது என்பதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு பிரிந்தார். அதற்குள் அவருக்குள் ஒரு தெளிவு பிறந்திருந்தது. 1974இல் கைவினை கற்பிக்க அமெரிக்காவுக்குச் சென்றபோது, தன் பாட்டி முற்றத்தில் செய்ததை அங்கே கலை என்று பெயரிட்டு வகுப்பறையில் கற்பதைப் பார்த்தார். பொருள் மாறவில்லை, வைத்த இடம் மாறியிருந்தது.

அவருடைய படைப்புகளை நெருங்கிப் பார்த்தால் இது புரியும். துணியில் சதுரம் சதுரமாக அடங்கி நின்ற உருவங்களை அவர் கான்வாஸுக்குக் கொண்டுவந்தார். பேனாவாலும் மையாலும் ஓவிய வண்ணங்களாலும் வரைந்த அந்த உருவங்களில் சதுரங்களின் வேலி உடைந்துவிட்டது. சந்தைக்குப் போகும் பெண்கள், மேளம் கொட்டுகிறவர்கள், பறவைகள், மரங்கள் எல்லாம் கூட்டமாக இருக்கும். ஒவ்வொரு உருவத்தின் உடுப்புக்குள்ளும், சில நேரம் மரத்தின் தண்டுக்குள்ளும் நிலத்துக்குள்ளும் அடிரேக் கோலங்கள் நிறைந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஊர்க் காட்சி, பக்கத்தில் போனால் துணிகளின் அகராதி. ஆடை முதலில், ஆள் பிறகு என்ற பழமொழியை அப்படியே வரைந்தால் இப்படித்தான் இருக்கும்.

கான்வாஸில் கஞ்சிக்கும் நொதிக்கும் தொட்டிக்கும் வேலை இல்லை, மறைத்து வெளிப்படுத்துவதும் இல்லை. கோடு போட்டால் கோடு தெரியும். எனக்கு அங்கே கொஞ்சம் ஏக்கம் உண்டு. உருவம் வந்துவிட்டது, கசிவு வரவில்லை. ஆனால் நிக்கே தொட்டியைக் கைவிட்டவர் அல்ல என்பதால் இந்தக் குறை பெரிதாகப் படவில்லை. 1983இல் ஓஷோக்போவில் அவர் தொடங்கிய கலை மையத்தில் அடிரே, பாத்திக், நெசவு, மணிவேலை, மரச்செதுக்கு ஆகியவை இளைஞர்களுக்குக் கட்டணம் இல்லாமல் கற்றுக்கொடுக்கப்பட்டன. வந்தவர்களில் பிழைப்புக்கு வழியில்லாத பெண்கள் ஏராளம். லாகோஸில் லெக்கிப் பகுதியில் அவர் நடத்தும் பல மாடிக் கலைக்கூடத்தில் ஆயிரக்கணக்கான படைப்புகள் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருக்கின்றன. அங்கே அவர் எப்போதும் அடிரே உடுத்தி, தலையில் உயர்ந்த துணிக்கட்டும் கழுத்தில் மணிச்சரங்களுமாகத்தான் காணப்படுவார். அவரை எல்லோரும் அழைப்பது மாமா நிக்கே என்று. நம் தாய்மாமன் அல்ல, மாமா என்றால் அங்கே அம்மா.

நீலம் நீர்த்த காலம்

பிற்கால மாற்றங்கள் எல்லாமே இவ்வளவு நல்லவிதமாக முடியவில்லை. ஜெர்மனியில் 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதுவும் காஸ்டிக் சோடாவும் அபேயொகுட்டாவை அடைந்தபோது, நாட்கணக்கில் காத்திருந்த தொட்டி வேலை மணிக்கணக்கில் முடிந்தது. அவசரத்தில் தவறாகக் கலந்த சோடா துணியை அரித்தது, சாயம் சரியாக ஏறாமல் உதிர்ந்தது, அடிரேயின் பெயர் கெட்டது. 1930களில் அந்நகர அரசர் செயற்கைச் சாயத்துக்கும் சோடாவுக்கும் தடை போட்டார். சாயக்காரப் பெண்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பாரம்பரியத்தைக் காக்க அரசர், நவீன ரசாயனத்தைக் கேட்டுப் பெண்கள்: இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இலையை இடித்து, சாம்பலைச் சுமந்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே.

1960களில் மறுமலர்ச்சி வந்தபோது மெழுகும் பளபளக்கும் செயற்கை வண்ணங்களும் கூடவே வந்தன. ‘கம்பாலா’ என்ற பெயரில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமான துணிகள் சந்தையை நிறைத்தன. அபேயொகுட்டாவின் இடோகு சந்தையில் இன்று நடந்தால் நீலத்தைவிட மற்ற நிறங்கள்தான் கண்ணைப் பறிக்கும். அதையும் அடிரே என்றுதான் விற்கிறார்கள், அதில் தவறும் இல்லை. மன்னர் ஜார்ஜுக்கு இடம் கொடுத்த துணி சிவப்புக்கு இடம் கொடுக்காதா?

ஆலையில் அச்சடித்து இறக்குமதியாகும் ‘அடிரே’ வேறு விஷயம். ஒலோகுன் உருவங்கள் அச்சுப் பிசகாமல் இருக்கும், விலை பாதிகூட இராது. இறகு பிடித்தவரின் கூலியும் தொட்டி காத்தவரின் கூலியும் அந்த விலையில் இல்லை. முன்பக்கத்தை மட்டும் பார்த்து, தூரத்திலிருந்து, இரண்டையும் பிரித்துச் சொல்வது தேர்ந்தவர்களுக்கும் சிரமம்.

எனவே கடையில் கைக்கு வந்தால் துணியைத் திருப்பிப் பாருங்கள். மலிவான அச்சுத் துணியின் பின்பக்கம் வெளிறியிருக்கும், ஏனென்றால் நிறம் முன்னால் மட்டுமே இறங்கியது. எலெக்கோவில் நேர்மாறு. கஞ்சி முன்னால்தான் இருந்தது, பின்பக்கத்தைத் தடுக்க எதுவும் இல்லை. அங்கே நீலம் முன்பக்கத்தைவிட ஆழமாக இருக்கும். அதற்குள் உற்றுப் பார்த்தால், மாபோ மண்டபத்தின் தூண்களும் கரண்டிகளும் நிழல்போல, இடம் வலமாக, தெரிந்தும் தெரியாமலும் நிற்கும்.